காதுக்கு மேலே ஒரு மேடு

அந்த ஊரில் கார் ஓட்டத் தெரிந்தவர்களில் பாதிப் பேர் பிரேக் டீச்சரிடம் திட்டு வாங்கியவர்கள். டிரைவிங் ஸ்கூல் அவருடைய சொந்த ஸ்கூல். ஸ்கூல் என்றால் பெரிதாக நினைத்துவிட வேண்டாம், ஒரே ஒரு வெள்ளைக் காரும் ஒரு பெயர்ப்பலகையும்தான். பயிற்சிக் காரில் சொல்லிக்கொடுக்கிறவர் காலுக்கடியிலும் ஒரு பிரேக் உண்டு. டீச்சரின் கால் அதை விட்டு நகர்ந்ததாகச் சரித்திரம் இல்லை. கொஞ்சம் வேகம் கூடினாலும் வண்டி குலுங்கி நிற்கும். "வேகமாப் போய் எந்தக் கோட்டையைப் பிடிக்கப் போறீங்க?" என்று கேட்பார். பெயர் அப்படி விழுந்ததுதான்.

நாற்பதைத் தாண்டியபிறகு டீச்சருக்குப் படம் வரைகிற கிறுக்குப் பிடித்தது. சும்மா பொழுதுபோக்குக்கு என்று ஆரம்பித்தவர், கொஞ்ச நாளில் பச்சை விளக்கு விழுந்தது தெரியாமல் எதிர்ச் சுவரின் நிழலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிற அளவுக்குப் போய்விட்டார். வீட்டில் சாப்பாட்டு மேசை முழுக்க வண்ணக் குழாய்கள். அண்ணன் தட்டை மடியில் வைத்துக்கொண்டு சாப்பிடப் பழகிக்கொண்டார். அதற்காக ஒரு தடவைகூட முகம் சுளித்ததில்லை.

அந்த வீட்டில் அண்ணனும் தங்கையும் மட்டும்தான். இரண்டு பேருக்குமே கல்யாணம் கூடி வரவில்லை. கூடி வராததில் இரண்டு பேருக்குமே பெரிய வருத்தமும் இல்லை. அண்ணன் கடைத்தெருவில் சலூன் வைத்திருந்தார். சுத்தமான கடை, சுத்தமான கை, அதையெல்லாம் விட அவர் தலையில் இருந்த முடிதான் கடைக்கு விளம்பரம். அடர்த்தியாக, அலையலையாக, வயதுக்குத் தகுந்தாற்போல் காதோரம் கொஞ்சம் நரையுடன். வருகிறவர்கள் கண்ணாடியில் தங்கள் தலையைப் பார்த்துவிட்டு அவர் தலையையும் ஒரு பார்வை பார்த்துப் பெருமூச்சு விடுவார்கள்.

அந்த முடி விக் என்பது உலகத்தில் டீச்சர் ஒருவருக்குத்தான் தெரியும்.

அண்ணனுக்கு முப்பது வயதிலேயே தலை காலியாகிவிட்டது. சலூன்காரனுக்கே முடி நிற்கவில்லை என்றால் எவன் தலையைக் கொடுப்பான் என்று பயந்து, தூரத்து ஊர் ஒன்றில் சொல்லிச் செய்து வாங்கினார். ஒன்றில்லை, மூன்று. ஒன்று அப்போதுதான் வெட்டியது மாதிரி, ஒன்று நடுத்தரம், ஒன்று வெட்ட வேண்டிய பருவத்தில். மாதத்துக்குள் மூன்றையும் வரிசையாக மாற்றிப் போடுவார். மூன்றாவதை எடுத்துவிட்டு மறுபடி முதலாவதைப் போடுகிற அன்று, "நேத்துதான் வெட்டிக்கிட்டேன்" என்று கடையில் நாலு பேர் காதில் விழுகிற மாதிரி சொல்வார். யார் வெட்டினது என்று கேட்டால் கூசாமல் "தங்கச்சிதான்" என்பார். அதனால் டீச்சருக்குக் கத்தரிக்கோல் பிடிக்கத் தெரியும் என்றும் ஒரு பெயர் இருந்தது. அவருக்குக் காகிதம்கூட நேராக வெட்ட வராது.

தூங்குகிற நேரம் தவிர, விடுமுறை நாளின் மாலையில் மட்டும் அண்ணன் அதைக் கழற்றி வைப்பார். அவர்கள் வீட்டு பால்கனிக்கு எதிரே வெறும் சுவர், பார்க்க ஆள் கிடையாது. ஒரு துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு, ஸ்டூலில் உட்கார்ந்து, ரேடியோவில் மேட்ச் கேட்டபடி கால் நகம் வெட்டுவார். உள்ளே சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து டீச்சர் ஏதோ எழுதிக்கொண்டிருப்பார். அடுத்த வாரத்துக்கு எந்த நேரம் யாருக்கு வகுப்பு என்று போடுகிறாள் என்று அண்ணன் நினைத்தார். டீச்சர் வரைந்துகொண்டிருந்தது அண்ணனின் முதுகை, துண்டை, கழுத்தை, காதை, அந்தத் தலையை. காதுக்கு மேலே இருக்கிற மேட்டை. சாயங்கால வெயில் அந்த மேட்டில் ஏறி இறங்குகிற அழகு அவரைப் பாடாய்ப் படுத்தியது. அண்ணன் கடையில் இருக்கிற நேரத்தில் அதைப் பெரிய படமாக்கி நாலு மாதம் மல்லுக்கட்டினார்.

முடித்தபோது அவருக்கே ஆச்சரியமாக இருந்தது. அதுவரை வரைந்த எதுவும் அதன் பக்கத்தில் நிற்காது என்று தெரிந்தது. அதை யாருக்கும் காட்ட முடியாது என்பதும் அதே நிமிடத்தில் தெரிந்தது. பழைய பெட்ஷீட்டில் சுற்றி, இதை மட்டும் பிரித்துப் பார்க்காதே என்று அண்ணனிடம் சொல்லி, பீரோவுக்குப் பக்கத்தில் சாய்த்து வைத்துவிட்டார்.

ஊரில் ஓவியர்கள் பதினைந்து பேர் சேர்ந்து ஒரு கூட்டுறவு ஓவியக் கூடம் நடத்தினார்கள். முன்பு டயர் கடையாக இருந்த இடம். மழை பெய்தால் இன்னமும் சுவரிலிருந்து ரப்பர் வாடை வரும். வாடகையைப் பங்கு போட்டுக்கொள்வார்கள். முறை வைத்துப் பெருக்குவார்கள், முறை வைத்து வாசல் மேசையில் உட்காருவார்கள். மருந்துக்கடைக்கார அம்மாதான் தலைவி. டீச்சர் அதில் சேர மனுப் போட்டு, அந்த வருஷக் கண்காட்சியில் ஒரு படம் வைக்க இடம் கிடைத்திருந்தது.

அந்தக் கூடத்துக்கென்று இரண்டு வழக்கம் உண்டு. தன் படத்தைத் தானே கொண்டுவந்து மாட்டக் கூடாது. சீட்டுக் குலுக்கி, யார் படத்தை யார் எடுத்து வந்து மாட்டுவது என்று முடிவு செய்வார்கள். நல்ல சுவருக்கு அடித்துக்கொண்டு ஒரு தடவை இரண்டு பேர் ஏணியோடு விழுந்ததிலிருந்து இந்த ஏற்பாடு. திறப்பு நாள் வரை படத்தின் சொந்தக்காரர் உள்ளே எட்டிப் பார்க்கவும் கூடாது.

இன்னொன்றுக்கு "ஒரு குறை" என்று பெயர். ஆரம்பத்தில் எல்லாரும் ஒருவர் முதுகை ஒருவர் சொறிந்துவிட்டுக்கொண்டிருந்தார்களாம். எல்லாப் படமும் பிரமாதம், எல்லாரும் மேதை. கண்காட்சிக்குத்தான் ஈ காக்கா வரவில்லை. அதனால் மருந்துக்கடை அம்மா ஒரு வழி செய்தார். புதிதாகச் சேருகிறவர் தன் படத்தின் பக்கத்தில் வந்து நிற்க வேண்டும். பழைய உறுப்பினர் ஒருவர் எல்லார் முன்னிலையிலும் ஒரே ஒரு குறை சொல்வார். புதியவர் ஒரே ஒரு பதில் சொல்லலாம். பதில் நின்றால் படம் நிற்கும், ஆளும் உறுப்பினர். குறையை ஒத்துக்கொண்டால் படத்தை இறக்கி வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். அடுத்த வருஷம்தான் மறுபடி வரலாம்.

டீச்சர் அனுப்ப நினைத்தது ஒரு கெட்டில் படம். அடக்கமான சின்னப் படம். அதில் குறை சொல்ல வந்தால் கைப்பிடியைச் சொல்வார்கள், அதற்கு ஒரு பதிலைக்கூட மனப்பாடம் செய்து வைத்திருந்தார்.

திறப்பு நாள் மாலை, நல்ல சேலை ஒன்றைக் கட்டிக்கொண்டு டீச்சர் கூடத்துக்குள் நுழைந்தார். நேர் எதிரே, பெரிய சுவரின் நடுவில், விளக்கு வெளிச்சத்தில், அண்ணனின் மொட்டைத் தலை மாட்டியிருந்தது.

டீச்சர் அப்படியே நின்றார். சுற்றுமுற்றும் பார்த்தார். அவர் படத்துக்குச் சீட்டு விழுந்திருந்தது பிளம்பருக்கு. பிளம்பர் ஒரு மூலையில் தான் வரைந்த கடலுக்கு முன்னால் டீ குடித்துக்கொண்டிருந்தார். அவர் கடலைத் தவிர வேறெதுவும் வரைவதில்லை. கேட்டால், நாள் முழுக்கத் தண்ணியை அடைக்கிறதே பொழைப்பு, வீட்டுலயாவது ஓட விடறேனே என்பார்.

"என்ன டீச்சர், இடம் எப்படி? சும்மா ஜம்முனு இருக்குல்ல?"

"இதை எங்கேருந்து எடுத்தீங்க? நான் சொன்னது சின்னது."

"உங்க அண்ணன்தான் எடுத்துக் கொடுத்தாரு. சின்னதைக் கொடுத்தா மூலையில மாட்டிருவீங்க, இதைக் கொண்டு போங்க, இதுக்குத்தான் அவ மாசக்கணக்கா உசுரை விட்டா அப்படின்னாரு."

"பிரிச்சுப் பார்த்தாரா?"

"பார்க்கலியே. தங்கச்சி தானா காட்டாம பார்க்க மாட்டேன்னு அப்படியே பெட்ஷீட்டோட கையில கொடுத்தாரு. தங்கமான மனுஷன்."

தங்கமான மனுஷன்தான். அதுதான் வினையாகப் போயிற்று. பார்க்காதே என்று சொன்னதற்காகப் பார்க்காமலேயே இருந்து, தங்கையின் படம் மூலைக்குப் போய்விடக் கூடாது என்று தன் ரகசியத்தைத் தானே தூக்கிக் கொடுத்திருக்கிறார்.

"அதைக் கழட்டிருங்க. வேற படம் கொண்டு வர்றேன்."

பிளம்பர் வருத்தத்தோடு தலையாட்டினார். "சட்டப்படி முடியாது. சட்டத்தை விடுங்க, கழட்டவே முடியாது டீச்சர். பெரிய படமா இருக்கேன்னு வாட்டர் ஹீட்டர் மாட்டுற கிளாம்ப் போட்டு, நாலு பக்கமும் துளை போட்டு இறுக்கியிருக்கேன். சுவரு விழுந்தாலும் படம் விழாது."

டீச்சர் வாசலுக்கு ஓடி அண்ணனுக்குப் போன் போட்டார்.

"அண்ணா, கடையில கூட்டமா இருந்தா நீ வர வேண்டாம். மெதுவா நாளைக்குப் பார்த்துக்கலாம்."

"என்ன பேச்சுப் பேசறே? கடையைப் பூட்டியாச்சு. கடையில இருந்தவங்க மூணு பேரையும் கூட்டிக்கிட்டு வந்துட்டு இருக்கேன். தெருமுனையில நிக்கிறோம்."

போனை வைத்துவிட்டு டீச்சர் நேராகப் படத்துக்கு முன்னால் போய் நின்றார். பார்க்கிங் இடம் பிடித்த மாதிரி அசையாமல் நின்றார். படம் அவரைவிட அகலம். இடது பக்கம் நகர்ந்தால் வலது காது தெரிந்தது, வலது பக்கம் நகர்ந்தால் தோளும் துண்டும் தெரிந்தன. தலையை மறைக்க வேண்டுமானால் ஸ்டூலில் ஏற வேண்டும். வந்தவர்கள் எல்லாம், படம் வரைந்தவர் கூச்சத்தில் இப்படி நெளிகிறார் என்று நினைத்துச் சிரித்துவிட்டுப் போனார்கள்.

படத்தில் முகம் தெரியாது. ஊரில் வேறு யாருக்கும் அது யாரென்று தெரியப் போவதில்லை. அது ஒன்றுதான் ஆறுதல். ஆனால் அண்ணனுக்குத் தெரியும். தன் துண்டு, தன் ஸ்டூல், தன் பால்கனி. ஒரே ஒருத்தியை நம்பித்தான் அவர் அந்தத் தலையை வெளியே எடுத்தார். அவளே அதை விளக்குப் போட்டு ஊருக்குக் காட்டுகிறாள் என்றால் இனிமேல் வீட்டில்கூட அதைக் கழற்ற மாட்டார். கழற்றாமலே தூங்குவார். டீச்சருக்கு அதை நினைக்கவே தாங்கவில்லை.

அண்ணன் வந்தார். அன்றைக்கு நடுத்தர விக். பின்னாலேயே வாடிக்கையாளர்கள் மூன்று பேர். ஒருவர் கழுத்தில் இன்னும் பவுடர் இருந்தது. அண்ணன் சிரித்த முகத்தோடு நேரே தங்கையைப் பார்த்து வந்தார். பாதி வழியில் படத்தைப் பார்த்தார். கால் நின்றது. சிரிப்பு மட்டும் கொஞ்ச நேரம் அப்படியே முகத்தில் ஒட்டிக்கொண்டிருந்து, பிறகு மெதுவாகக் காணாமல் போனது.

"அண்ணா," என்றார் டீச்சர், தொண்டைக்குள்ளேயே.

அண்ணன் திரும்பி, பிளம்பரின் கடலுக்கு முன்னால் போய் நின்றுகொண்டார். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, தண்ணீரையே பார்த்தபடி நின்றார். பிளம்பர் பூரித்துப்போய், அந்த நீலத்தை எப்படிக் கலந்தேன் என்று பக்கத்தில் நின்று விளக்க ஆரம்பித்தார். அண்ணன் காதில் அது விழுந்ததாகத் தெரியவில்லை. டீச்சருக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. முப்பது பேர் முன்னால் அழுவதாவது என்று பல்லைக் கடித்துக்கொண்டார்.

வாடிக்கையாளர்கள் மூன்று பேரும் படத்தின் முன்னால் வந்து நின்றார்கள்.

"யாருப்பா இது? நல்லா உருண்டையா இருக்கு தலை," என்றார் பவுடர் கழுத்துக்காரர்.

"யாரா இருந்தா என்ன, நம்ம கடைக்கு வராத ஆளு," என்றார் இன்னொருவர்.

மூன்று பேரும் சிரித்தார்கள். டீச்சரும் சிரித்து வைத்தார். அதைவிடக் கொடுமையான சிரிப்பை அவர் வாழ்நாளில் சிரித்ததில்லை.

அப்போது மருந்துக்கடை அம்மா கையைத் தட்டினார்.

"எல்லாரும் இப்படி வாங்க. டீயை அப்புறம் குடிக்கலாம். இந்த வருஷம் புதுசா வந்திருக்கிறது டீச்சர் ஒருத்தர்தான். நம்ம ஊருல பாதிப் பேருக்கு அவங்க கொறை சொல்லியிருக்காங்க. இன்னைக்கு அவங்க முறை." சிரிப்பு அடங்கும்வரை காத்திருந்தார். "ஒரு குறை சொல்றவரு ஸ்கேல் சார்."

ஸ்கேல் சார் வீடு கட்டுகிறவர்களுக்குப் பிளான் போட்டுக் கொடுப்பவர். எதைப் பார்த்தாலும் பென்சிலை நீட்டி ஒரு கண்ணை மூடி அளப்பார். தன் மகளுக்கு மாப்பிள்ளை பார்க்கப் போனபோதும் அளந்தார் என்று பேச்சு. கெட்ட மனிதர் இல்லை. தப்பு என்று பட்டதைச் சொல்லாவிட்டால் அவருக்குச் சாப்பாடு இறங்காது, அவ்வளவுதான். படத்தின் முன்னால் வந்து பென்சிலை நீட்டினார். கிட்டே போனார், தள்ளி வந்தார், மறுபடி கிட்டே போனார்.

"முதல்ல ஒண்ணு சொல்லிடறேன். நம்ம கூடத்துல இப்படி ஒரு கழுத்தை யாரும் வரைஞ்சதில்ல. அந்தத் துண்டு இருக்கே, இப்பதான் குளிச்சிட்டு வந்து போட்ட மாதிரி இருக்கு. ஆனா தலை தப்பு."

கூட்டம் இன்னும் நெருங்கி வந்தது.

"காதுக்கு மேல இந்த மேடு இருக்கு பாருங்க. இந்த இடத்துல, இவ்வளவு பெரிசா, எந்த மனுஷனுக்கும் எலும்பு புடைக்காது. வெளிச்சம் விழ ஒரு இடம் வேணும்னு டீச்சர் சேர்த்துக்கிட்டாங்க. ஆளை உக்கார வெச்சு வரைஞ்சிருந்தா இந்தத் தப்பு வந்திருக்காது. மத்ததெல்லாம் பார்த்து வரைஞ்சது. தலை மட்டும் கற்பனை. இதுதான் என் குறை."

டீச்சருக்கு உடம்பெல்லாம் எரிந்தது. அந்த மேட்டுக்காக எத்தனை மாலை, எத்தனை தடவை சுரண்டி அழித்து மறுபடி வைத்தது. அந்தப் படத்தில் துளி பொய் கிடையாது. "பார்த்துத்தான் வரைந்தேன், இப்படி ஒரு தலை இருக்கிறது" என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். அடுத்த கேள்வி என்னவாக இருக்கும் என்று யோசித்தார். யார் தலை. அவர் கண்கள் கடல் படத்தின் பக்கம் போயின. அண்ணன் திரும்பி நின்று அவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். முகத்தில் ஒன்றும் படிக்க முடியவில்லை.

"ஒரு பதில் சொல்லுங்க டீச்சர்," என்றார் மருந்துக்கடை அம்மா.

டீச்சர் ஸ்கேல் சாரைப் பார்த்தார்.

"சார் சொல்றது சரிதான். தலை கற்பனைதான். அப்படி ஒரு ஆளே கிடையாது. தப்புப் பண்ணிட்டேன்."

கூட்டத்தில் ஒரு முணுமுணுப்பு எழுந்தது. ஸ்கேல் சாருக்கே சங்கடமாகிவிட்டது. யாராவது தன்னை எதிர்த்துப் பேசினால்தான் அவருக்குத் தெம்பு. இப்படிச் சட்டென்று ஒத்துக்கொண்டால் என்ன செய்வது என்று தெரியாமல் பென்சிலைக் காதில் செருகிக்கொண்டார்.

"ஒத்துக்கிட்டீங்கன்னா படத்தை இறக்கணும்மா," என்றார் மருந்துக்கடை அம்மா, மனசில்லாமல். "அடுத்த வருஷம் கண்டிப்பா வாங்க."

"இறக்கணும்னா டிரில் கொண்டு வரணும்," என்றார் பிளம்பர். "சுவருல பாதி அதோட வரும்."

"ஒரு நிமிஷம்."

அண்ணன் குரல் அது. சலூனில் "அடுத்தவங்க வாங்க" என்று கூப்பிடுகிற அதே குரல், கொஞ்சம் நடுங்கியது. கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தார். தங்கையைப் பார்க்கவில்லை. ஸ்கேல் சார் எதிரில் போய் நின்றார்.

"இவ பொய் சொல்றா."

"அண்ணா, வேண்டாம்," என்றார் டீச்சர்.

"நீ சும்மா இரு பாப்பா."

நாற்பத்தைந்து வயது டிரைவிங் டீச்சரை ஊரறிய ஒருவர் பாப்பா என்று கூப்பிட்டதில் முதலில் எல்லாருக்கும் சிரிப்பு வந்தது. அந்தச் சிரிப்பு பாதியில் நின்றது. அண்ணன் இரண்டு கையையும் தலைக்குக் கொண்டுபோய்க் காதோரம் விரலை விட்டு, இந்தப் பக்கம் ஒரு கிளிப், அந்தப் பக்கம் ஒரு கிளிப் என்று நிதானமாகத் தள்ளினார். பிறகு தொப்பியை எடுக்கிற மாதிரி முடியை எடுத்துவிட்டார். எடுத்ததை ஒரு தடவை தட்டிச் சரிசெய்து, பவுடர் கழுத்துக்காரரிடம் நீட்டினார்.

"கொஞ்சம் பிடிங்க. கசக்கிராதீங்க."

அந்த மனிதர் குழந்தையை வாங்குகிற மாதிரி இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். அவர் வாய் மூட வெகு நேரமாயிற்று.

அண்ணன் படத்துக்குப் பக்கத்தில் போய், கூட்டத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். படத்தில் இருக்கிற மாதிரியே கழுத்தைக் கொஞ்சம் சாய்த்தார். விளக்கு வெளிச்சம் இரண்டு தலையிலும் ஒன்றாக விழுந்தது. காதுக்கு மேலே, அதே இடத்தில், அந்த மேடு.

"அளந்து பாருங்க சார். எங்க தங்கச்சி கற்பனையில வரையற ஆளு இல்ல. சின்ன வயசுல ஊஞ்சல் இடிச்ச மேடு இது. ஊஞ்சலைத் தள்ளுனதும் அவதான், அதனால அவளுக்கு நல்லாவே தெரியும்."

ஸ்கேல் சார் பென்சிலைக் காதிலிருந்து எடுத்தார். ஒரு கண்ணை மூடித் தூரத்திலிருந்து அளந்தார். பிறகு கிட்டே வந்தார்.

"தொட்டுப் பார்க்கலாமா?"

"பாருங்க. தினம் நான் எத்தனை பேர் தலையைத் தொடறேன்."

ஸ்கேல் சார் ஒரு விரலை வைத்து அந்த மேட்டைத் தடவினார். படத்தைப் பார்த்தார். மறுபடி தடவினார்.

"கற்பனைன்னு சொன்னதை வாபஸ் வாங்கிக்கறேன்," என்றார். "ஆனா அளவுல ஒரு குறை இருக்கத்தான் செய்யுது. அசல்ல மேடு இன்னும் கொஞ்சம் பெரிசு. டீச்சர் குறைச்சுக் காட்டியிருக்காங்க."

"கூடப் பொறந்தவராச்சே," என்றார் டீச்சர். அவர் கன்னத்தில் கண்ணீர் இறங்கிக்கொண்டிருந்தது. "கொஞ்சம் விட்டுக் கொடுத்தேன்."

அப்புறம் எழுந்த சிரிப்பில் பழைய டயர் கடையே அதிர்ந்தது. மருந்துக்கடை அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு, பதில் நிற்கிறது, படம் நிற்கிறது, டீச்சர் உறுப்பினர் என்று அறிவித்தார். பிளம்பர் முகத்தில்தான் எல்லாரையும்விட நிம்மதி.

வாடிக்கையாளர்கள் மூன்று பேரும் அண்ணனைச் சூழ்ந்துகொண்டார்கள்.

"அப்போ போன வாரம் முடி வெட்டிக்கிட்டேன்னு சொன்னீங்களே?"

"அது வேற ஒண்ணு."

"அடப்பாவி மனுஷா. எனக்கு ஏன் உங்களை மாதிரி முடி இல்லைன்னு எத்தனை நாள் எண்ணெய் மாத்தி எண்ணெய் தேய்ச்சிருக்கேன் தெரியுமா?"

"எண்ணெய் நல்லதுதான். விடாம தேயுங்க."

"இனிமே கடைக்கு வரலாமா வேண்டாமான்னு யோசிக்கணும்," என்றார் பவுடர் கழுத்துக்காரர். அவர் கையில் விக் இன்னும் பத்திரமாக இருந்தது.

அண்ணன் முகம் ஒரு கணம் வாடியது. அத்தனை வருஷமாக அவர் பயந்த வார்த்தை அதுதான்.

"யோசிச்சுக்கோங்க," என்றார் அண்ணன் மெதுவாக. "ஆனா ஒண்ணு. என் தலையில முடி இருந்தாலும் அதை நானே வெட்டிக்க முடியாது. கடை உங்க தலைக்காகத்தான் வெச்சிருக்கேன்."

பவுடர் கழுத்துக்காரர் கொஞ்சம் யோசித்தார். பிறகு தன் பிடரியைத் தடவிப் பார்த்துக்கொண்டார். "நாளைக்குக் காலையில வர்றேன். இந்தப் பக்கம் பாதியில விட்டுட்டு வந்துட்டோம்."

அதற்குப் பிறகு அண்ணனைப் படத்தை விட்டு நகர்த்த முடியவில்லை. வருகிறவர்களை எல்லாம் கையைப் பிடித்துக் கூட்டிவந்து, தள்ளி நிறுத்தி, "இங்கேருந்து பாருங்க, அப்பதான் வெயில் தெரியும்" என்று விளக்கினார். படத்தை அவர் வரைந்து, டீச்சர் பிடித்துக்கொண்டு மட்டும் நின்றிருந்தால் எப்படிப் பேசியிருப்பாரோ அப்படிப் பேசினார்.

கூட்டம் குறைந்தபோது இருவரும் வாசல் மேசைக்குப் பின்னால் ஆறிப்போன டீயோடு உட்கார்ந்தார்கள்.

"கோவமா அண்ணா?"

"பார்த்த உடனே உசுரே போயிருச்சு. கடையை வித்துட்டு எங்கேயாவது போயிடலாம்னு தோணுச்சு. எனக்கு நீ துரோகம் பண்ணிட்டேன்னு நெனச்சேன். அந்தக் கடலைப் பார்த்துக்கிட்டு நின்னேனே, ஒரு அலைகூட கண்ணுக்குத் தெரியல."

"நான் அதைக் காட்டணும்னு நெனக்கவே இல்ல. சத்தியமா."

"தெரியும். எடுத்துக் கொடுத்த மடையன் நான்தானே." அண்ணன் டம்ளரை உருட்டினார். "அப்புறம் நீ அங்க நின்னு, அப்படி ஒரு ஆளே கிடையாதுன்னு சொன்னே பாரு. எனக்காக உன் கையால செஞ்சதை நீயே தப்புன்னு சொன்னே. அப்ப ஒண்ணு தோணுச்சு. அந்தத் தலையை நானே கண்ணாடியில சரியாப் பார்த்ததில்ல பாப்பா. அசிங்கம்னு ராத்திரி லைட்டை அணைச்சிட்டுத்தான் கழட்டுவேன். நீ மாசக்கணக்கா உக்காந்து பார்த்திருக்கே. இவ்வளவு பிரியமா ஒருத்தர் பார்த்த தலையை இல்லைன்னு எப்படிச் சொல்ல விடறது?"

டீச்சர் டம்ளரைக் கீழே வைத்தார். அண்ணனின் தலையில் கையை வைத்து ஒரு தடவை தடவினார். பிறந்ததிலிருந்து கூடவே இருந்தும் அந்தத் தலையைத் தொட்டது அதுதான் முதல் தடவை. எதிர்பார்த்ததைவிடச் சூடாக இருந்தது.

வீட்டுக்குக் கிளம்பினார்கள். டீச்சர் வண்டியை எடுத்தார், அண்ணன் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்தார். விக் ஒரு காகிதப் பையில் பின் சீட்டில் கிடந்தது. வெளியே வெயில் இறங்கி, தெரு முழுக்கக் கடைகளில் விளக்குப் போட்டுக்கொண்டிருந்தார்கள். முதல் திருப்பம் தாண்டியதும் அண்ணன் தன் பக்கத்துக் கண்ணாடியைப் பார்த்தார்.

"இதை எப்படி இறக்கறது?"

அப்போதுதான் டீச்சருக்கு உறைத்தது. இத்தனை வருஷத்தில் எந்த வெயிலிலும், எந்தப் புழுக்கத்திலும் அண்ணன் அந்தக் கண்ணாடியை இறக்கியதே இல்லை. தூசி ஒத்துக்கொள்ளாது என்பார். காற்றில் விக் நகர்ந்துவிடுமோ என்று பயந்துதான் மூடி வைத்திருந்தார் என்பது அவருக்குக்கூட இன்றைக்குத்தான் புரிந்தது. கையை நீட்டி பொத்தானைக் காட்டினார்.

கண்ணாடி இறங்கியது. அண்ணன் கண்ணை மூடிக்கொண்டு தலையை வெளிப்பக்கமாகச் சாய்த்தார். காற்று அந்த மேட்டில் ஏறி இறங்கிப் போயிற்று. பிறகு கண்ணைத் திறக்காமலே சொன்னார்.

"இன்னும் வேகமாப் போ பாப்பா. காத்து பத்தல."